எப்சிபாளின் பிடி அரிசி

பெரியோரே, சிறியோரே, சற்றுச் செவிகொடுங்கள். செம்மணல் மேடுகள் காற்றோடு இடம்மாறித் திரிந்த பழைய நாளில், பனங்காட்டின் நடுவே கிறிஸ்தவர்கள் குடியிருந்த ஓர் ஊரில், மாசிலாமணி என்றொரு கருப்பட்டி வணிகர் வாழ்ந்தார். அவர் நாள் தவறாமல் ஜெபித்தார். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போனார். ஒருநாளும் தவறிக்கூட ஒருவருக்கும் ஒன்றும் கொடுத்ததில்லை. இம்மூன்றிலும் அவர் ஒழுங்கானவர்.

அவ்வூரில் பிடி அரிசி என்றொரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். அந்த அரிசி ஆலய முற்றத்தில் கஞ்சியாகி, வீட்டில் அடுப்பெரிய வழியில்லாதவர்களின் பசியாற்றும். எந்த வீட்டில் யாருடைய கை பிடி எடுக்கும் என்பதை அறுப்பின் பண்டிகையன்று சபைமுன் சொல்லிவிட வேண்டும்.

மாசிலாமணியின் மகன் கப்பலேறி வணிகத்துக்குப் போயிருந்தான். ஆகவே அந்த வீட்டில் பிடி எடுத்தவள் மருமகள் ரூபவதி. அவளுடைய குணத்தில் மாசிலாமணி குறையொன்றும் காணவில்லை. கைதான் பெரிதாக இருந்தது.

அவ்வாண்டு ரூபவதி ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். பிறந்து நாற்பதாம் நாள் அறுப்பின் பண்டிகை வந்தது. மாசிலாமணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று, "எங்க வீட்டுல இனி இந்தக் கை" என்றார்.

சபையில் ஒருவர், "அண்ணாச்சி, பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானமே ஆகலை. அதுக்குள்ள ஊழியமா?" என்று கேட்டார்.

"சிறுவயசிலேயே பழக்கணும்" என்றார் மாசிலாமணி.

ஆலயத்தை நடத்திவந்த வேதமாணிக்கம் உபதேசியார் அந்தச் சிறு கையைப் பார்த்தார். மாசிலாமணியின் முகத்தையும் பார்த்தார். "ஆகட்டும்" என்று மட்டும் சொன்னார்.

முதலாம் ஆண்டில் குழந்தையின் ஈர உள்ளங்கையில் ஒட்டியது ஏழு அரிசி. சில நாள் எட்டு. எட்டு ஒட்டிய நாளில் மாசிலாமணி ஒன்றைத் தட்டிவிடுவார்.

மூன்றாம் ஆண்டில், எப்சிபாள் என்று பெயர் பெற்ற அந்தப் பேத்தி தானே நடந்து வந்து அரிசிப் பானைக்குள் கைவிட்டாள். எடுத்ததில் பாதி தரையில் சிந்தும். சிந்தியதை மாசிலாமணி பொறுக்கிப் பானையில் போடுவார். "தாத்தா, அது அவங்களுக்கு" என்பாள் அவள். வாதாடிப் பயனில்லை என்று கண்டு, சிந்தியதில் ஒரு பங்கைக் கலயத்தில் போடத் தொடங்கினார். அந்தப் பங்கு எவ்வளவு என்று நாம் கேட்க வேண்டாம்.

ஐந்தாம் ஆண்டில், தம் அரிசி வீணாகிறதா என்று பார்க்கக் கஞ்சி ஊற்றும் இடத்துக்கே போனார். கஞ்சி ஊற்றிய ஒரு தேங்காய்ச் சிரட்டையை வாங்கி உற்றுப் பார்த்து, "உபதேசியாரே, இதுல என் வீட்டு அரிசி எங்கே?" என்றார்.

"தேடிப் பாருங்க அண்ணாச்சி. கண்டுபிடிச்சா எடுத்துக்கிடுங்க."

அவர் நெடுநேரம் பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்த அவரை, அந்தச் சிரட்டைக்கு உரிய கிழவன் பார்த்துக்கொண்டிருந்தான். மாசிலாமணி சிரட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று முதல் தரையில் சிந்தியதைப் பங்கு பிரிக்காமல் முழுவதும் கலயத்தில் போட்டார். அதை நான்கு பேரிடம் சொல்லவும் செய்தார்.

ஏழாம் ஆண்டில் மழை பொய்த்தது. பதநீர் வற்றியது. கஞ்சிக்கு வந்தவர்கள் பத்துப் பேராக இருந்தது போய் நாற்பது பேரானார்கள். பல வீட்டுக் கலயங்கள் வெறுமையாயின. இன்னும் அரிசி இருந்தது மாசிலாமணியின் வீட்டிலும் வேறு இரண்டு வீடுகளிலும்தான். அந்த வேளையில் எப்சிபாள் காய்ச்சலில் படுத்தாள். கை தூக்கவும் அவளால் இயலவில்லை.

உபதேசியார் வந்து ஜெபித்தார். போகும்போது, "பிள்ளை எழும்புற வரைக்கும் உங்க வீட்டுக்குப் பிடி அரிசி விலக்கு, அண்ணாச்சி" என்றார்.

இந்த ஒரு சொல்லுக்காக மாசிலாமணி எத்தனையோ நாள் ஏங்கியிருந்தார். இப்போது அது கேளாமலே வந்தது. அவர் பானையை இறுக மூடினார்.

நண்பகலில் உலை கொதிக்கும் ஓசை கேட்டு எப்சிபாள் கண் திறந்தாள்.

"தாத்தா, அரிசி எடுக்கணுமே."

"நமக்கு விலக்கு கொடுத்தாச்சு தாயி. படுத்துக்கோ."

"அப்ப அவங்களுக்கு இன்னைக்குப் பசிக்காதா?"

மாசிலாமணி எழுந்து போய்ப் பானையைத் தூக்கிவந்து, குழந்தையின் கையை எடுத்து உள்ளே விட்டார். விரல்கள் மடங்கவில்லை. தம் கையால் அந்தக் கையைப் பொதிந்து மூடினார். பெரிய கைக்குள் சிறிய கை. இரண்டுக்கும் இடையில் அரிசி. ரூபவதி எடுத்ததைவிட அது பெரிய பிடி. மாசிலாமணிக்கு அது தெரிந்தது. ஒன்றையும் தட்டிவிடவில்லை.

இரண்டாம் நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் குழந்தை அயர்ந்து உறங்கினாள். அவளை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. பானையைத் திறந்தார். பிறகு கைவிட்டார். ஒரு பிடி எடுத்தார். இன்னொரு பிடி எடுத்தார். மூன்றாம் பிடிக்குப்பின் பானையையே தோளில் ஏற்றிக்கொண்டு ஆலய முற்றத்துக்கு நடந்தார்.

உபதேசியார் வெறும் அடுப்பின்முன் உட்கார்ந்திருந்தார். "உங்க வீட்டுக்குத்தான் விலக்கு கொடுத்தேனே?" என்றார்.

"பிள்ளைக்குத்தானே கொடுத்தீங்க" என்றார் மாசிலாமணி. "எனக்குக் காய்ச்சல் இல்லையே."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் வருந்தினார் என்பதையும் மறைக்கக் கூடாது. மறுநாளும் அரிசி கொண்டுபோய்த் திரும்பியபோது அந்த வருத்தம் பாதி வழியோடு நின்றது. அதற்கடுத்த நாள் அது வரவேயில்லை.

பத்தாம் நாள் எப்சிபாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். அது கர்த்தருடைய இரக்கம். கொடுத்த அரிசிக்குக் கிடைத்த கைம்மாறு என்று யாரும் எண்ணவேண்டாம். மாசிலாமணியும் அப்படி எண்ணவில்லை. அவர் வளர்ச்சியில் அதுவே பெரிய படி.

ஆகவே அன்பர்களே, கர்த்தர் மூடிய கையை முறித்துத் திறப்பதில்லை, பிடி பிடியாகப் பழக்கியே திறக்கிறார் என்று அறிந்து, இன்று கொடுக்க முடிந்த பிடியை இன்றே கொடுங்கள்.