எல்லா விளையாட்டுக்கும் ஒரே ஜோடு

கொன்றைக்கோட்டையை ஆண்ட வீரகேசரி பூபதி விளையாட்டில் தோற்றதே இல்லை. தோற்க வழியும் இல்லை. மாசித் திருவிழாவில் எந்தப் போட்டியானாலும் முதல் ஆட்டம் மன்னருடையது என்பது அந்த ஊர் வழக்கம். மல்யுத்தத்தில் அவர் விரல் பட்டதும் எதிராளி மல்லாந்துவிடுவான். ஓட்டத்தில் முப்பது பேரும் அவருக்குப் பின்னாலேயே மூச்சு வாங்குவதுபோல் நடிப்பார்கள். தான் மகா வீரர் என்பதில் மன்னருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அந்த வருஷம் படைத்தலைவரான தளவாய் குப்பண்ணர், முழங்கால்வரை ஏறும் தோல் ஜோடு ஒன்றைக் குதிரை வியாபாரியிடம் வாங்கி மன்னருக்குக் காணிக்கை வைத்தார். குதிகாலில் இரும்பு லாடம். அதை மாட்டிக்கொண்டு குதிரையேறிய மன்னர் சொக்கிப்போனார்.

"ஓட்டம், மல்யுத்தம், வழுக்குமரம், எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும், மகாராஜா" என்றார் தளவாய். தாம் கடைசியாக ஓடியது எப்போது என்று அவருக்கே நினைவிருக்காது.

முப்பது ஆட்டக்காரர்களுக்கும் அதே மாதிரி தைக்கச் சொல்லி, செம்மான் இருளப்பனுக்கு ஆள் போயிற்று. வருகிற வழியில் அவன் சபை விகடர் அம்பலவாணரிடம் யோசனை கேட்டான். "மனசில் பட்டதைச் சொல்லு, நான் இருக்கிறேன்" என்று அவர் தைரியம் கொடுத்தார். அரண்மனைக்கு வந்து அவனும் மன்னரிடம் சொன்னான்.

"சாமி, இது குதிரைக்குச் சரி. மணல்ல ஓடுறவனுக்கு லேசா, காலோட வளையற மாதிரி வேணும். மல்யுத்தக் கோதாவுல மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு வெறுங்காலோடதான் இறங்குவாங்க. வழுக்குமரத்துல இதைப் போட்டுக்கிட்டு யாரு ஏறுவாங்க?"

"தளவாய்க்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?" மன்னர் முகம் சிவந்தது. "தைத்துக் கொடு. திருவிழா அன்று இந்த ஜோடு போட்டவர் யார் விழுந்தாலும், அதைக் கொடுத்தவன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும்."

நல்ல மனுஷனை வாய் திறக்க வைத்து மாட்டிவிட்டோமே என்று அம்பலவாணருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மன்னர் சொன்னதை அப்படியே ஓலையில் எழுத வைத்து, முத்திரையும் வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"சிநேகிதனைக் காப்பாற்றுகிற லட்சணமா இது, விகடரே?" என்று தளவாய் சிரித்தார்.

திருவிழாவும் வந்தது. ஆற்று மணலில் ஓட்டம். எல்லோர் காலிலும் ஜோடு. மன்னர் முன்னால், முப்பது பேர் பின்னால். பத்தாவது அடியில் மன்னரின் குதிகால் மணலில் புதைந்தது. குப்புற விழுந்தார். பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் ஜோட்டின் கனத்தில் விழுந்தார்கள். மன்னர் கிடக்கும்போது நிற்பது மரியாதை இல்லை என்று மீதிப் பேரும் விழுந்தார்கள்.

"பிடியுங்கள் இருளப்பனை" என்று தளவாய் கத்தினார். "தையல் சரியில்லை."

இருளப்பன் கைகூப்பி நின்றான். அவன் மனைவி விடிந்ததுமே சட்டிபானைகளை மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

அம்பலவாணர் ஓலையோடு முன்னால் வந்தார். "பொறுங்கள். வரிசைப்படி விசாரிப்போம். முதலில் விழுந்தவர் யார்?"

எல்லோரும் ஆற்றைப் பார்க்க, அம்பலவாணர் ஓலையைப் பிரித்தார்.

"ஜோட்டைக் கொடுத்தவன் போக வேண்டும் என்றுதான் ஓலையில் இருக்கிறது. மன்னருக்குக் கொடுத்தது தளவாய். மன்னர் விழுந்திருந்தால் முதலில் மூட்டை கட்ட வேண்டியவர் அவர்தான்."

தளவாய்க்கு வேர்த்துவிட்டது. "மன்னராவது, விழுவதாவது. அவர், அவர் மணலைச் சோதித்துப் பார்த்தார்."

"மார்பாலா?"

"மார்பால்தான்."

"ரொம்ப சந்தோஷம். பின்னால் வந்த முப்பது பேரும் அதே மாதிரிதான் சோதித்தார்கள். ஆக, இன்று யாருமே விழவில்லை. இருளப்பனை எதற்குப் பிடிக்கிறீர்கள்?"

மன்னர் மெல்ல எழுந்து மீசையிலிருந்த மணலைத் தட்டினார். "நான் விழுந்தேன், தளவாயே. என் முழங்காலைக் கேட்டால் சொல்லும்." ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தார். கைக்காப்பைக் கழற்றி இருளப்பனிடம் கொடுத்தார். "எந்த ஆட்டத்துக்கு எது வேண்டுமென்று இனி நீயே முடிவு செய். தளவாய் மட்டும் அந்த ஜோட்டோடு இன்று வழுக்குமரம் ஏறட்டும்."

பிறகு ஏதோ யோசனை வந்தவராகக் கேட்டார். "ஓடுகிறவனுக்கு லேசான செருப்பு. மல்லனுக்கு வெறுங்கால். என்னோடு மோதுகிற மல்லனுக்கும் அதேதானா?"

இருளப்பன் அம்பலவாணரைப் பார்த்தான். "இந்தத் தடவை நீங்களே சொல்லிடுங்க, சாமி."

"அவனுக்கு மட்டும் நன்றாக வழுக்குகிற செருப்பாகத் தைக்கச் சொல்லுங்கள், மகாராஜா" என்றார் அம்பலவாணர். "இத்தனை வருஷமாக வெறுங்காலோடு விழுவதற்கு அவன் ரொம்பச் சிரமப்படுகிறான்."

சிரிக்கலாமா என்று முப்பது பேரும் மன்னர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சிரித்த பிறகுதான் சிரித்தார்கள்.