யானைக்குப் போட்ட பாதை

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை மகுடசிங்கர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் மனதில் ஒன்று தோன்றிவிட்டால் பொறுக்கமாட்டார். ஒருநாள், தரையோடு தரையாக இருந்த பழைய நியாயசபை அவருக்குப் பிடிக்காமல் போயிற்று. மாளிகை அதிகாரி வித்தாரப்பர் அதற்கென்றே காத்திருந்தவர். நாற்பத்தெட்டுப் படி உயரத்தில் புது மண்டபம் கட்டிக் கொடுத்தார். "குடிகள் தங்களை அண்ணாந்து பார்க்க வேண்டாமா, பிரபு?" என்றார். ராஜா உச்சி குளிர்ந்துபோனார்.

அதே ஊரில் பட்டத்து யானைக்கு மாலை கட்டித் தரும் செங்காயி இருந்தாள். சிறுவயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப்போயின. பலகைக்கு நாலு சக்கரம் பூட்டி, கையால் தரையை உந்தி, ஊரெல்லாம் போய்வருவாள். அவளுடைய நந்தவனத்தைக் கொழுந்தன் வேலி போட்டு வளைத்துக்கொண்டான். பூ போனால் பிழைப்பே போச்சு. நியாயசபையில் மனுச் செய்தாள்.

அந்தச் சபைக்குச் சில சட்டங்கள் உண்டு. மனுக்காரர் தன் வாயால்தான் சொல்ல வேண்டும். ராஜாவைத் தவிர யாரையும் மண்டபத்துக்குள் தூக்கி வரக்கூடாது. நாலு விசாரணைக்கு வராவிட்டால் எதிராளி பக்கம் தீர்ப்பு. செங்காயி மூன்று விசாரணைக்கும் வந்தாள், படிக்குக் கீழே நின்றாள், திரும்பிப் போனாள்.

வித்தாரப்பரிடமே போய்க் கேட்டாள். "ஓரமா, சாய்வா ஒரு பாதை போட்டுத் தரக்கூடாதாங்க?"

"மண்டபத்தின் அழகு கெட்டுவிடும். அதுவும் உன்னைப் போல ஒருத்தர்கூட மேலே வந்து நான் பார்த்ததில்லை. வராத ஆளுக்கு எதற்குப் பாதை? அவசரம் என்றால் தவழ்ந்து ஏறு."

கதவைப் பூட்டிவிட்டு, விருந்தாளியே வரவில்லை என்று சொல்கிற சாமர்த்தியத்தைப் பாருங்கள்.

"தவழ்ந்து போனா பிச்சை போட்டு அனுப்புவாங்க. நான் நியாயம் கேக்க வந்திருக்கேன்" என்றாள் செங்காயி.

வெளியே வந்தவள் எதிரில் மந்திரி அறவாழியாரைப் பார்த்தாள். தன் கதையைச் சொல்லி அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சாமி, பட்டமேற்ற நாளன்னிக்கு யானை ராஜாவுக்கு மாலை போடுமே. இந்த வருஷம் அது எங்கே நின்னு போடும்?"

மந்திரி படிகளைப் பார்த்தார், அவளுடைய பலகையைப் பார்த்தார். பிறகு, "அடேயப்பா, நான் மந்திரியாக இருந்து என்ன பயன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் சபையில் அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துவிட்டார்.

ராஜா துள்ளினார். "நான் இறங்கிப்போய் யானையிடம் கழுத்தை நீட்டுவதா? யானைதான் என்னிடம் வரவேண்டும்."

"பத்தே நாளில் கல்பாதை போடுகிறேன், பிரபு. யானை மூச்சு வாங்காமல் ஏறும்" என்றார் வித்தாரப்பர்.

"மண்டபத்தின் அழகு என்ன ஆவது?" என்று மந்திரி கவலையோடு கேட்டார்.

"யானை ஏறினால் அழகு கூடத்தான் செய்யும், மந்திரியாரே. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

பாதை எழும்பியது. யானைக்குக் கால் வழுக்கக்கூடாதென்று சொரசொரப்பான கல். மூச்சு முட்டக்கூடாதென்று நீண்ட, தாழ்ந்த சாய்வு. வித்தாரப்பர் வேலை தெரிந்தவர்தான், அதை மறுக்க முடியாது.

நாலாவது விசாரணையும் பட்டமேற்ற நாளன்றே விழுந்தது. யானை ஆடி அசைந்து ஏறி ராஜாவின் கழுத்தில் மாலை போட்டது. மேளம் ஓய்ந்ததும் பாதையில் கடகடவென்று சத்தம். செங்காயி வந்துகொண்டிருந்தாள். கை சிவந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால் போரில் காலிழந்த சிப்பாய், நிறைமாத கர்ப்பிணி, கோலால் கல்லைத் தட்டித் தட்டி வந்த பார்வையற்ற தச்சர் என்று ஒரு கூட்டமே ஏறி வந்தது.

வித்தாரப்பர் பாய்ந்து குறுக்கே நின்றார். "இது யானைப் பாதை. மனிதர்கள் வரக்கூடாது."

"யானை ஏறலாம், அதுக்கு மாலை கட்டினவ ஏறக்கூடாதாங்க? யானைக்கு மேலே போய்ச் சொல்ல ஒரு வழக்கும் இல்லையே. எனக்கு இருக்கு" என்றாள் செங்காயி.

ராஜா மாலையை ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "யாரம்மா நீ? அந்த நந்தவன வழக்குக்காரியா? மூன்று விசாரணைக்கு ஏன் வரவில்லை?"

"மூணுக்கும் வந்தேன், மகாராஜா. படிக்குக் கீழேதான் நின்னேன்."

"அதை ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை?"

"சொல்றதுக்கும் மேலேதானே ஏறி வரணும்."

ராஜாவின் முகம் சுருங்கியது. தன் குடிகளில் எத்தனை பேர் இப்படிக் கீழேயே நின்று போனார்களோ என்று அவருக்கு நிஜமாகவே வலித்தது.

"உன் புத்திக்கு என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார்.

"பரிசு கிடக்கட்டும். முதல்ல என் வழக்கைக் கேளுங்க."

கேட்டார். கொழுந்தன் விழித்த விழியே பாதி வழக்கைச் சொல்லிவிட்டது. அந்திக்குள் வேலியைப் பிடுங்கும்படி உத்தரவானது.

பிறகு ராஜா வித்தாரப்பர் பக்கம் திரும்பினார். "யானைக்குப் பத்து நாளில் போட்டீரே, இனி சந்தை, சத்திரம், கோயில் எல்லாவற்றுக்கும் போடும். செங்காயி ஏறிப் பார்த்துச் சரி என்றால்தான் சரி."

சந்தைப் பாதையை அவர் வேண்டுமென்றே செங்குத்தாகப் போட்டார். இடித்துக் கட்டச் சொன்னாள். மறுபடி போட்டார், மறுபடி இடிக்கச் சொன்னாள். மூன்றாம் முறை அவள் ஏறத் தொடங்கியதும், சீக்கிரம் தொலையட்டும் என்று பின்னாலிருந்து பலகையைத் தள்ளப்போனார்.

"கையை எடுங்க ஐயா" என்றாள். "நீங்க தள்ளி நான் ஏறினா, நீங்க இல்லாத அன்னிக்கு நான் கீழேதான் நிக்கணும்."

வித்தாரப்பர் கையை எடுத்தார். அவள் தானாகவே ஏறி, சந்தைக்குள் போய்விட்டாள்.

கொன்றைநாட்டில் நடந்தது இவ்வளவுதான். உங்கள் ஊர் சர்க்கார் கச்சேரிக்கு எத்தனை படி என்று நீங்களே போய் எண்ணிக்கொள்ளுங்கள்.