நீலப் பூ சிவந்த வழக்கு

வெகு காலத்துக்கு முன்னே, பேசினால் வாயில் புகை வருகிற குளிர்மலை நாட்டை மாணிக்க பூபதி என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் நினைத்தால் மாலை போடுவான், நினைத்தால் தலையை வாங்குவான்!

கடல் கடந்து வந்த வணிகன் அவனுக்கு ஒரு செடி கொடுத்தான். இப்போது ஹைட்ராஞ்சியா என்கிறோமே, அதில் குட்டை ரகம். முழங்கால் உயரம்தான், பூங்கொத்தோ தலைப்பாகை பருமன்! தோட்டக்காரி பேச்சாயி அதைத் தொட்டியில் நட்டு, காலை வெயில் மட்டும் படும் சபையோரத்தில் வைத்தாள். நீலமாய்ப் பூத்துக் குலுங்கியது. ராஜா நாள் தவறாமல் அவளைப் புகழ்ந்தான். அரண்மனைச் சோதிடர் ஏகாம்பரத்துக்கோ வயிற்றெரிச்சல்.

மறுவருஷம் அதே செடி சிவப்பாய்ப் பூத்துவிட்டது.

“மகாராஜா, பேச்சாயி நீலச்செடியைக் களவாடிவிட்டாள். இது வேறு செடி!” என்றார் சோதிடர்.

“பொழுது சாய்வதற்குள் காரணம் சொல். இல்லையேல் பிள்ளைகுட்டியோடு மலையிறங்கு!” என்றான் ராஜா.

பேச்சாயி குனிந்து செடியைத் தூர்வரை புரட்டிப் பார்த்தாள். பூ எப்படித்தான் நிறம் மாறியது என்ற குறுகுறுப்பு பயத்தை மிஞ்சியது.

“நான் கிளை நறுக்கிக் கவாத்து பண்ணின தழும்பு அப்படியே இருக்கு ராசா. செடி அதேதான். மண்ணுலதான் ஏதோ சூது.” ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளித் தேய்த்தாள். வெள்ளையாய் ஒட்டியது. “ஒரு செம்பு மஞ்சத்தண்ணி கொடுக்கச் சொல்லுங்க.”

“திருஷ்டி கழிக்கப் போகிறாளாக்கும்!” என்று சிரித்தார் சோதிடர்.

ஊற்றினாள். அடடா! தொட்டியில் ஒரு பக்கத்து மண் மட்டும் ஆரத்தி போல் செக்கச்செவேலென்று ஆனது.

“மஞ்சளோட சுண்ணாம்பு சேர்ந்தா சிவக்கும், ஆரத்தி கரைக்கிற எந்தப் பொம்பளையும் சொல்லுவா. புளிப்பு மண்ணுல நீலமாப் பூத்த செடி, சுண்ணாம்பு தின்னு சிவந்துபோச்சு. யாரு ஊட்டினாங்கன்னுதான் தெரியலை.”

அந்தப் பக்கம் யார் ஆசனம் என்று ராஜா திரும்பினான். அங்கே இருந்தவர் சோதிடர். பதற்றத்தில் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார், சுண்ணாம்பு தடவினார், விரலில் இருந்த மிச்சத்தைப் பழக்கதோஷத்தில் தொட்டிக்குள்ளேயே வழித்தார்!

சபை கொல்லென்று சிரித்தது.

“ஓய், ஒன்பது கிரகமும் தெரிகிற உமக்கு உம்முடைய விரல் தெரியவில்லையா? நீரே மலையிறங்கும்! பேச்சாயி, வேண்டியதைக் கேள்.”

“அவரை விரட்டாதீங்க ராசா, என் தோட்டத்துக்கு விட்டுடுங்க. நீலத்தை நான் பார்த்துக்கிறேன். சிவப்புப் பூவுக்கு அவரை விட்டா வேற கைராசிக்காரர் யாரு?”