பாலாடைக்கட்டியின் மேல் ஒரு பாதம்

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் இனி என் தேநீரில் சர்க்கரை கரையாமல் போகட்டும். இத்தாலியில் மறுமலர்ச்சி ஓவியம் அரண்மனையில் பிறந்தது என்பார்கள். நம்பாதீர்கள். அது ஒரு பாலாடைக்கட்டியின் மேல் பிறந்தது.

மொந்தெஃபோஸ்கா என்று ஒரு மலையூர். அங்கே தேவாலயச் சுவரில் நேரி என்ற ஓவியர் ஒரு புனிதரை வரைந்திருந்தார். அவருக்கு லாப்போ என்று ஒரு சீடர். சீடருக்குத் தலை முழுக்க நரை. குருவுக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. லாப்போ ஆயுள் முழுக்கப் புனிதர்களின் பின்னால் தங்கத்தகடு ஒட்டியவர். அந்தத் தங்கத்தில் புனிதர்கள் பாதம் தொங்க, தரை தொடாமல் மிதப்பார்கள். அந்தக் காலத்தில் எங்கும் அப்படித்தான்.

நேரியின் புனிதர் மிதக்கவில்லை. வெறுங்காலோடு மண்ணில் நின்றார். காலடியில் நிழல் வேறு.

தேவாலய நிர்வாகி பிந்தோ வந்து பார்த்தார்.

"இதென்ன, சந்தையிலே கழுதைக்காரன் நிக்கிற மாதிரி? புனிதருக்கு நிழல் உண்டா? எடை உண்டா?"

பிறகு லாப்போவைத் தனியே அழைத்தார்.

"நீர் பழைய ஆள். ஞாயிற்றுக்கிழமை ஆயர் வர்றார். அதுக்குள்ளே அந்த மண்ணையும் நிழலையும் தங்கத்தாலே மூடிடும். இல்லேன்னா சுவரையே கொத்திடுவேன். அப்புறம் உம்ம வாத்தியாருக்கு இந்த நாட்டிலே எவனும் சுவர் தரமாட்டான்."

லாப்போ தங்கப்பெட்டியோடு சுவர் முன்னால் வந்து நின்றார். மூடினால் படம் போகும். மூடாவிட்டால் சுவர் போகும், வாத்தியாரும் போவார். பெட்டியைத் திறக்கக் கை வரவில்லை.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணே."

"புனிதரைத் தரையிலே நிறுத்த உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா? உங்க குரு யாரு?"

"பக்கத்துத் தெருவிலேதான் இருக்கார். வாங்க."

அது தெஸ்ஸா வீடு. பாலாடைக்கட்டி செய்கிறவள். துணியில் சுற்றிய கட்டி ஒன்று பலகையில் இருந்தது. அதை அழுத்த மேலே ஒரு பாரம்: பளிங்கில் செய்த மனிதப் பாதம். பழைய ரோமானியர் சிலை ஒன்றின் வலது பாதம். திராட்சைத் தோட்டத்தை உழுதபோது ஏரில் தட்டியது. கணுக்காலுக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பாதத்துக்கு அடியில் அழுந்திய கட்டி மட்டும் எந்தச் சரிவில் வைத்தாலும் உருளாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். நானே பார்த்தேன்.

"இவர்தான்" என்று நேரி கைகூப்பினார்.

லாப்போ சிரித்துவிட்டார். "இவரா? தலை எங்கே?"

"தலை உங்ககிட்டே இருக்கு. செருப்பைக் கழட்டுங்க. அவர் வெச்ச மாதிரி காலை வெச்சுப் பாருங்க."

லாப்போ குனிந்து பார்த்தார். குதிகால் அழுத்தமாக ஊன்றியிருந்தது. கட்டைவிரல் தரையைப் பிடித்திருந்தது. உடம்பின் எடை முழுவதும் அந்த ஒரு காலில். அப்படியே வைத்தார்.

முழங்கால் தானாக நிமிர்ந்தது. அந்தப் பக்கம் இடுப்பு ஏறியது, தோள் இறங்கியது. மறுகால் சும்மா இளைப்பாறியது. கழுத்து திரும்பி, முகம் உயர்ந்தது.

"அடேயப்பா!" என்றாள் தெஸ்ஸா. "இத்தனை வருஷமா இந்தத் தெருவிலே போறீங்க. இன்னைக்குத்தான் மனுஷன் மாதிரி நிக்கிறீங்க."

லாப்போ கூச்சப்படவில்லை. காலை எடுக்கவும் இல்லை.

"வாத்தியாரே, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் இப்படி நின்னானா?"

"நின்னான். யார் தோளையும் பிடிக்காம."

ஞாயிறு காலை பிந்தோ வந்தார். கூடவே ஏணியும் சுத்தியலுமாகக் கொத்தனார் சூத்தோ. சுவரடியில் லாப்போ வெறுங்காலோடு நின்றார், அதே நிலையில். பெட்டி மூடியே இருந்தது.

"தங்கம் எங்கேய்யா?"

"பெட்டியிலே."

"ஏன் ஒட்டலை?"

"நிக்கிறவரைத் தூக்க என்னாலே ஆகாது."

"சூத்தோ, கொத்து!"

சூத்தோ ஏணியில் ஏறினான். சுத்தியலை ஓங்கினான். புனிதரின் காலைப் பார்த்தான். ஓங்கிய கையோடு இறங்கி, ஏணியை நகர்த்தி, ஓரமாக நின்றான்.

"என்னடா?"

"வழி விடுங்க ஐயா. அவர் இறங்கப் போறார்."

பிந்தோ திட்டினார். திட்டிக்கொண்டே ஓர் அடி தள்ளி நின்றார். அதற்குள் ஆயர் நுழைந்தார். சுவரைப் பார்த்தார். அவரும் அங்கியைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினார். பின்னால் வந்த ஊரே இரண்டு பக்கமும் ஒதுங்கியது. சுவரிலிருந்து வாசல் வரைக்கும் நடுவே ஒரு பாதை. பூசை முடியும் வரை அதில் ஒருவரும் கால் வைக்கவில்லை.

அதற்கப்புறம் கொத்துகிற பேச்சை யார் எடுப்பார்கள்?

கூட்டம் கலைந்தது. லாப்போ பெட்டியைத் திறந்தார். மூச்சுப்பட்டுத் தங்கத்தகடு நடுங்கியது.

"அப்போ இத்தனை வருஷம் நான் ஒட்டினதெல்லாம் வீணா, வாத்தியாரே?"

நேரி தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"யார் சொன்னா? அவருக்குத் தரை கிடைக்கிற வரைக்கும் விழாம பிடிச்சுக்கிட்டு இருந்தது உங்க தங்கம்தானே, அண்ணே."

லாப்போ பெட்டியை மூடினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு நடுவில், வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். பெயர் தெரிந்தால் நேரே என் வீட்டுக்கு வருவார்கள். வந்தால், தயிர்ப்பானைக்கு மேல் இருக்கிற பளிங்குப் பாரம் கண்ணில் படும்.