வாய்க்கால் பாலத்தில் நின்ற வண்டி

நல்ல பொருளைக் கெட்டது என்று சொன்ன ஒரு மெக்கானிக்கின் கதை இது. கேட்டவுடன் அவர்மேல் கோபப்பட்டுவிடாதீர்கள். பொள்ளாச்சியில் அவரைவிட நாணயமான ஆள் கிடையாது. சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

ஹனீபா பாய் பட்டறையில் இரண்டு கறாரான பழக்கங்கள் உண்டு. நன்றாக இருக்கும் பாகத்தை யார் கேட்டாலும் கழற்ற மாட்டார். கெட்டுப்போனதைக் கழற்றினால், அதைப் பெட்ரோலில் கழுவி, செய்தித்தாளில் சுற்றி, வண்டிக்குச் சொந்தக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார். புதுசு போட்டேன் என்று வாயால் சொன்னால் போதுமா என்று கேட்பார்.

ஒரு நாள் காலையில் சுலோசனா வந்தார். தபால் ஆபீஸ் ரத்தினசபாபதி சாரின் மனைவி. சார் காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை மகள் பிருந்தா ஓட்டிவந்து நிறுத்தினாள். அவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. அப்பாவின் வண்டியோடுதான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

"பாய், இதுல பெட்ரோல் டேப்பை மட்டும் புதுசா மாத்திப் போட்டுருங்க," என்றார் சுலோசனா. "கல்யாணமான புதுசுலயே கோளாறுங்க அது. போற வழியில நின்னு போயிரும். புள்ள தனியாப் போறா."

டேங்குக்கு அடியில், இடது பக்கம், பெட்ரோலைத் திறந்து மூடுகிற சின்னத் திருகு அது. பாய் குழாயை உருவிவிட்டுத் திறந்து பார்த்தார். பெட்ரோல் தாராளமாக ஊற்றியது. மூடினார், ஒரு சொட்டுக் கசியவில்லை. இன்னும் பத்து வருஷம் உழைக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தவருக்குச் சார் ஞாபகம் வந்துவிட்டது. துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம், இதே பட்டறையில், இதே வண்டிமேல் உட்கார்ந்து சார் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். கல்யாணமான சமயத்தில் அவருடையது பதினோரு பேர் இருந்த கூட்டுக் குடும்பம். புது மனைவியோடு நாலு வார்த்தை பேச வீட்டில் ஒரு மூலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவரை ஆனைமலையில் இருந்த தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவது ஒன்றுதான் வழி. அதிலும், ஏன் இவ்வளவு நேரம் என்று இரண்டு வீட்டிலும் குடைந்து எடுத்துவிடுவார்கள்.

"அதனால ஒரு வேலை பண்ணுனேன் பாய். நூல் மில்லு தாண்டுனதும், வலது கை ஆக்சிலேட்டர்ல இருக்கறப்பவே, இடது கையை மெல்ல எறக்கி டேப்பை மூடிருவேன். கார்புரேட்டர்ல மிச்சம் இருக்கறதுல வண்டி கொஞ்ச தூரம் ஓடும். சரியா வாய்க்கால் பாலத்துக்கிட்ட வந்து நின்னுக்கும்."

பிறகு சார் நாலு உதை உதைத்து, வண்டியைத் திட்டி, இஞ்சின் ஆறட்டும் என்பாராம். இருவரும் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டு, வாரமெல்லாம் சேர்த்துவைத்ததைப் பேசித் தீர்ப்பார்களாம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருபக்கமாய், சாலையின் இடது ஓரத்தைப் பார்த்தபடி பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு எதுவும் தெரியாது என்பதில் சாருக்கு ஏகப் பெருமை.

"கெளம்பறப்ப மறுபடி தெறக்கணுமில்லீங்களா? நல்லவேளை, நான் குனியற நேரத்துக்குத்தான் அவ வாய்க்கால்ல மீன் பாக்கறேன்னு திரும்பி நிப்பா."

தனிக்குடித்தனம் வந்த பிறகு வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. "என்னைக்காவது அவ வந்து கேட்டா, கோளாறுன்னே சொல்லிப்போடுங்க பாய். இல்லாட்டி என் மானம் போயிரும்," என்றார் சார். பாய் சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்தார். அன்றைக்குச் சாரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த யாரும் கொடுத்திருப்பார்கள்.

இப்போது வசமாக மாட்டிக்கொண்டார். டேப் நல்லாயிருக்கிறது என்றால், இறந்தவருக்குக் கொடுத்த வாக்குப் போகும், அவர் மனைவி முன்னால் அவர் பொய்யராகிவிடுவார். கெட்டுவிட்டது என்றால், இத்தனை வருஷம் நம்பி வந்த குடும்பத்துக்குத் தானே பொய் சொன்னதாகும். எப்படியாவது தப்பிக்கலாமா என்று ஒன்று கேட்டுப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, அத்தனை தடவை நின்னுச்சுங்கறீங்க, அப்பவே ஏன் எங்கிட்டக் கொண்டுவரலை?"

"அவரும் கொண்டுபோறேன்னு சொல்லலைங்க. நானும் கேக்கலை."

பாய் பெருமூச்சு விட்டார். "ஆமாங்கக்கா, கோளாறுதான்," என்றார்.

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு நல்ல பாகத்தைக் கழற்றினார். புதியதை மாட்டி, கசிகிறதா என்று பார்த்து, பழையதை வழக்கம்போலக் கழுவிச் சுற்றி நீட்டினார். பிருந்தா கையை நீட்டுவதற்குள் அம்மா முந்திக்கொண்டார். தாளைப் பிரித்து, திருகை ஒரு தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டு, கைப்பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தார். "வர்றேனுங்க பாய்," என்று சொல்லி மகளோடு கிளம்பினார்.

பாயோ, நம்பி வந்தவரை ஏமாற்றிவிட்டோமே என்று இன்றைக்கும் உள்ளுக்குள் புழுங்குகிறார். நீங்களே சொல்லுங்கள். ஹனீபா பாய் செய்தது சரியா? இந்தக் கதையில் உண்மையில் ஏமாந்தவர் யார்?

விடை: வண்டியில் ஒருபக்கமாய் இடது ஓரம் பார்த்து உட்கார்ந்தவருக்கு, அந்தத் திருகும் அதை நோக்கி இறங்கும் கையும் கண்ணெதிரே அல்லவா இருக்கும்? சுலோசனா முதல் ஞாயிறே பார்த்துவிட்டார். இல்லையென்றால் சரியாகக் கணவர் குனிகிற நேரத்துக்கு வாரம் தவறாமல் மீன் பார்ப்பானேன்? வண்டி மகளோடு போய்விடும், அந்த டேப்பாவது தன்னிடம் இருக்கட்டும் என்றுதான், பழையதைக் கையில் கொடுக்கும் பாயிடம் வந்தார். ஆகவே பாய் செய்தது சரிதான். வாக்கும் நின்றது, அவர் சொன்ன பொய்யை யாரும் நம்பவும் இல்லை. ஏமாந்தவர் ரத்தினசபாபதி சார் ஒருவர்தான். மனைவிக்கு ஒன்றும் தெரியாது என்று கடைசிவரை நம்பி, அந்தப் பெருமை துளியும் குறையாமல் போய்ச் சேர்ந்தார்.