கொட்டாங்கச்சி மூழ்கும்வரை

பர்மா தேசத்து ஆவா நகரில், புத்தர் சிலைகளில் ஒட்டச் சம்மட்டியால் தங்கரேக்கு அடிக்கும் அரண்மனைப் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே கடிகாரம் என்றால் ஒரு கொட்டாங்கச்சிதான். அடியில் ஊசித்துளை போட்டுத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். நீர் ஏறி அது மூழ்கும்வரை சம்மட்டி ஓயக்கூடாது. மூழ்கினால் ஓய்வு.

ஒருநாள் பட்டறைத் தொழிலாளி கோ ந்யோ, வீங்கிய தோளோடு அரசன் முன் வந்து நின்றான்.

"மகாராஜா, பட்டறை அமைச்சர் மின் சீத்து கொட்டாங்கச்சியை மாற்றிவிட்டார். புதியதில் துளை சின்னது. அது மூழ்குவதற்குள் எங்கள் தோள் கழன்று விழுகிறது!"

"சோம்பேறிப் பயல்! பழசு உடைந்துவிட்டது. துளை அதே அளவுதான்" என்றார் மின் சீத்து.

அரசனுக்குச் சம்மட்டியும் தெரியாது, தோள்வலியும் தெரியாது. "நாளைக்குள் நிரூபி. இல்லையேல் உன் கட்டைவிரல் போகும்" என்று கோ ந்யோவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

சபையில் இருந்த விகடர் ஊ தாடோவுக்கு இது பொறுக்கவில்லை. அரசன் சாய்ந்திருந்த சிம்மாசனத்தின் தங்க மினுமினுப்பே அந்தக் கட்டைவிரல் பிடித்த சம்மட்டி தந்ததுதானே! ஒத்துப் பார்க்கப் பழைய கொட்டாங்கச்சியும் இல்லை. உண்மை அமைச்சர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

மறுநாள், அமைச்சர்கள் அரசனை வணங்கும் திருநாள். முழங்கையும் நெற்றியும் தரையில் படக் குனிவார்கள். அரசன் கை தூக்கினால் எழுவார்கள்.

"இந்தச் சிறு வணக்கம் போதுமா அரசே?" என்றார் தாடோ. "கூலிக்காரனே ஒரு கொட்டாங்கச்சி நேரம் சம்மட்டி அடிக்கிறான். அமைச்சர்கள் அவ்வளவு நேரம் வணங்க மாட்டார்களா? நடுவில் எழுபவர் யாரென்று பார்த்துவிடலாம்."

அரசனுக்கு இனித்தது. பட்டறைத் தொட்டி வந்தது. புதிய கொட்டாங்கச்சி மிதந்தது. அமைச்சர்கள் குனிந்தார்கள்.

அரசன் பர்மியர் விரும்பித் தின்னும் ஊறவைத்த தேயிலையை ஒரு தட்டு தின்று முடித்தான். இன்னொரு தட்டு வந்தது.

"என் கால் இருக்கிறதா பாரும் ஐயா, எனக்குத் தெரியவில்லை" என்று ஒரு கிழ அமைச்சர் பக்கத்தில் இருந்தவரிடம் முனகினார்.

மின் சீத்துவுக்கு இடுப்பு தெறித்தது. "மகாராஜா! இது இப்போதைக்கு மூழ்காது! துளை பாதிதான்!"

"பாதியா? அளந்தது யார்?" என்றார் தாடோ.

"நான்தானே போடச் சொன்னேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

அரசன் தேயிலை சிதறச் சிரித்தான். "கோ ந்யோவின் விரல் அவனுக்கே! பழைய அளவில் துளை போடுங்கள். தாடோவுக்கு இரண்டு பட்டு லுங்கி. எல்லோரும் எழுந்திருங்கள்!"

மின் சீத்துவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். தாடோ தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"நீங்கள் எங்கே ஐயா கிளம்பிவிட்டீர்கள்? இன்னும் முக்கால் கொட்டாங்கச்சி காலியாகக் கிடக்கிறதே!"