பூட்டச் சொன்னவர்

“அம்மா, என்னைப் பின்னால இருக்கற அந்த அறையில போட்டுப் பூட்டிருங்க. கத்துனாலும் திறக்காதீங்க.”

மருதாசலம் ஆசிரம வாசலிலேயே நின்று கேட்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, துறவி வடிவம்மையின் எதிரே கண்மூடி உட்கார்ந்துவிட்டுப் போகிறவர். வடிவம்மை அவரைவிட வயதில் இளையவர்.

இன்று மருதாசலத்தின் விரல்கள் நடுங்கின. சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

“எதுக்குங்க பூட்டணும்?”

“குடிக்கிறேனுங்க. ரொம்ப வருசமா. நேத்துக் காலையில வேனைப் பின்னால எடுக்கறப்ப ஒரு பிள்ளை நின்னது தெரியவே இல்லை. மயிரிழையில தப்புச்சு. அப்பவே நிறுத்திட்டேன். இப்ப உடம்பு கேக்க மாட்டேங்குது.”

“வீட்டுல தெரியுமா?”

“குடிப்பேன்னு வீட்டுக்காரி நாகமணிக்குத் தெரியும். வேன்ல வெச்சுக் குடிக்கிறது தெரியாதுங்க.”

“அந்த அறையில நீங்க கத்துனா யாருக்குக் கேக்கும்?”

“யாருக்கும் கேக்காதுங்க.”

“அதுக்குத்தான் பூட்டச் சொல்றீங்களா?”

“ஆமாங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்.”

வடிவம்மை உள்ளே போய்ப் பூட்டையும் சாவியையும் எடுத்து வந்தார். மருதாசலம் அறையைப் பார்த்து நடந்தார். வடிவம்மை அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, ஆளில்லாத ஆசிரமத்தைப் பூட்டினார்.

“எங்கேம்மா?”

“ஆஸ்பத்திரிக்கு.”

பஸ்ஸில் தெரிந்த முகம் ஏதாவது இருக்குமோ என்று மருதாசலம் துண்டால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டார். முன் சீட்டின் முதுகில் எறும்புகள் சாரிசாரியாக ஊர்ந்தன. தட்டிவிட்டார். கையில் ஒன்றும் படவில்லை.

“எறும்பு உங்களுக்குத் தெரியுதுங்களா?”

“இல்லைங்க.”

மருதாசலம் கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“நீங்க ஒரு மந்திரம் சொன்னா இது தீராதுங்களா?”

“தீராதுங்க.”

இப்படி வெடுக்கென்று சொல்வார் என்று அவர் நினைக்கவில்லை. இவராலேயே முடியாதென்றால்? அதற்குமேல் கேட்கப் பயமாக இருந்தது.

டாக்டர் நாடி பிடித்துக்கொண்டே கேட்டார். “எவ்வளவு குடிப்பீங்க?”

“எப்பவாச்சும்...”

வடிவம்மை அவர் பக்கம் திரும்பவில்லை. மருதாசலம் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார்.

“தினமுமுங்க. விடிஞ்சதும் ஆரம்பிச்சிருவேன். வேன்லயும்.”

“வந்தது நல்லதாப் போச்சு. தினமும் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்துனா வலிப்பு வரலாம். தனியா இருந்தா உயிருக்கே ஆபத்து. இங்கேயே தங்கி மருந்து எடுத்துக்கங்க. உடம்பு தேறுனப்புறம், குடியை விட்டவங்க வாராவாரம் கூடிப் பேசுறாங்க, அங்கேயும் வாங்க. இப்ப துணைக்கு ஒருத்தர் இருக்கணும்.”

கட்டிலில் படுத்ததும் மருதாசலம் சொன்னார். “நாகமணிக்கு நீங்க சொல்லிருங்கம்மா.”

வடிவம்மை போனை அவரிடமே நீட்டினார்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பிள்ளை வேனுக்குப் பின்னால் நின்றதையும் சொன்னார். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் நாகமணி கேட்டார். மருதாசலம் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“கிளம்பிட்டாளாம். இனி நான் இருந்துக்கறேன், நீங்க போங்கம்மா. ஆசிரமத்து வாசல்ல ஆளுங்க வந்து காத்திருப்பாங்க. என்னால உங்க தியானமும் கெட்டுப்போச்சு.”

வடிவம்மை முக்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நடுங்கும் அந்தக் கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டார்.

“தியானம் நடந்துட்டுத்தான் இருக்குதுங்க. பேசாமப் படுங்க.”